துண்டுக்குள் தொலைந்த சைபர்

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று யோசித்துக்கொண்டே இரண்டாவது தடவையும் போடுவேன். துடியலூரில் இறங்க வேண்டியவள் பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் மறுபடி பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. கண்டக்டருக்கே என் முகம் பழகிப்போய், "அம்மணி, உங்க ஸ்டாப்பு வந்துருச்சுங்க, எந்திரிங்க" என்பார். (தூங்கவில்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டார்.) இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததற்காக என்னைத் திட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பார்த்துத் திட்டுவார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. வேலை கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில். ஆனால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பில் போடும் சாஃப்ட்வேரில் எங்கே தப்பு வருகிறது என்று தேடிப் பிடித்து எழுதி அனுப்ப வேண்டும். ஓர் எண்ணில் ஒரு புள்ளி தள்ளிப் போயிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று அங்கே எனக்கு நல்ல பெயர். (இந்தக் கட்டுரை அவர்கள் கையில் கிடைக்காமல் இருக்க வேண்டும்.)

அந்த நாட்களில் என் கனவெல்லாம் ஒரே ஒரு சாமானைச் சுற்றித்தான். கையடக்க கேமிங் கம்ப்யூட்டர். நடுவில் திரை, இரண்டு ஓரத்திலும் பொத்தான்கள், இரண்டு கைக்குள் அடங்கிவிடும். பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது முழுக் கம்ப்யூட்டர். மேசை வேண்டாம், நாற்காலி வேண்டாம். நான் கண்ட கனவு இதுதான்: சாயங்காலம் வேலை முடிகிறது. தோப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கிறேன். மேலே தென்னை மட்டைகள் அசைகின்றன. கையிலிருக்கும் திரையிலோ பனி பெய்கிறது. ஆளில்லாத மலைப்பாதையில் ஒரு குதிரையை மெதுவாக நடத்திக்கொண்டு, எங்கே போகிறேன் என்று தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறேன். யாரையும் சுட வேண்டாம், ஜெயிக்க வேண்டாம். சும்மா போக வேண்டும். அதற்காகக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சம்பளத்தில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன்.

இதில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. எந்த ஓ.எஸ்.? மிஷின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உள்ளேயிருந்து ஆட்டிவைக்கிற மென்பொருள்தான் ஓ.எஸ். நான் பார்த்து வைத்திருந்த மாடல் இரண்டு விதமாக வந்தது. மிஷின் ஒன்றுதான், நிறம்கூட ஒன்றுதான். ஒன்றில், ஆபீஸுக்கு ஆபீஸ் இருக்கிற, காசு கொடுத்து வாங்கும் ஓ.எஸ். விலை அறுபத்திரண்டாயிரம். இன்னொன்றில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். விலை ஐம்பத்துநாலாயிரம். ஆபீஸ் ஓ.எஸ்ஸில் எல்லா விளையாட்டும் ஓடும். ஆனால் ஆசையாகக் கட்டிலில் சாய்ந்து ஆன் செய்யும்போதுதான் 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று ஒரு வட்டத்தைச் சுற்ற விடும். லினக்ஸில் பொத்தானைத் தட்டினால் விட்ட இடத்திலேயே குதிரை நின்றுகொண்டிருக்கும். ஆனால் ஆள் சேர்ந்து ஆன்லைனில் ஆடுகிற சில ஆட்டங்கள் ஓடாது. எனக்கு ஆளே வேண்டாம். பகலெல்லாம் பார்க்கிற ஆபீஸ் மூஞ்சியைச் சாயங்காலமும் பார்ப்பதற்கு எட்டாயிரம் அதிகம் கொடுப்பானேன்? லினக்ஸ்தான் என்று முடிவு செய்ய எனக்கு நாலு மாதம் ஆனது. மாப்பிள்ளையை முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆனது.

ஓ.எஸ்ஸை முடிவு செய்த எனக்கு, விலையை வீட்டில் எப்படிச் சொல்வது என்று முடிவு செய்யத் தெரியவில்லை. என் காசுதான்; யாரும் கையைப் பிடித்துத் தடுக்கப் போவதில்லை. ஆனாலும் வந்து மூன்று மாதமே ஆன மருமகள் ஐம்பத்துநாலாயிரத்துக்கு விளையாட்டுச் சாமான் வாங்கினாள் என்றால், உடுமலைப்பேட்டையில் இருக்கும் நாத்தனார் வரைக்கும் செய்தி போகும். என் வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். "அப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். (மகா வீரர்.)

மாமனார் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் நின்று நாற்பது வருஷமாக விலை முடித்துக் கொடுக்கிறவர். ஊரார் மாட்டையெல்லாம் விலை பேசுகிறவர், தன் வீட்டுச் செவலைப் பசுவுக்கு மட்டும் இதுவரை விலை சொன்னதில்லை. யாராவது கேட்டால்கூடக் கோபம் வந்துவிடும். காலையில் எழுந்ததும் முதல் பேச்சு அதனோடுதான், எங்களோடு இரண்டாவதுதான்.

ஒரு நாள் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன்.

"மாமா, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கறனுங்க."

"வாங்கிக்க கண்ணு. என்ன வெலையாகும்?"

அந்த நேரத்தில் என் வாய்க்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை.

"அஞ்சு... அஞ்சரைக்குள்ள வந்துருமுங்க மாமா."

அவ்வளவுதான் சொன்னேன். பின்னால் ஒன்றும் சேர்க்கவில்லை.

"அஞ்சாயிரத்துக்குக் கம்ப்யூட்டரே வருதா! பரவால்லியே" என்று அவர் காபியைக் குடித்தார். இல்லை மாமா, அதன் வாலில் இன்னொரு சைபர் இருக்கிறது என்று சொல்ல எனக்கு முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது. அந்த ஒரு நிமிஷமும் நான் பனிமலையில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வாரேன். வெலையப் பேசிப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடையில வெலையெல்லாம் எழுதி ஒட்டிருப்பாங்க மாமா. பேச முடியாதுங்க."

"எழுதறது அவன் வேல கண்ணு. பேசறது நம்ம வேல."

சனிக்கிழமை காலை கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியெல்லாம் தென்னை, தென்னை, நடுவில் ஓர் ஊர், மறுபடி தென்னை. என்னிடம் அருமையான திட்டம் ஒன்று இருந்தது. கடை வாசலில் மாமாவை டீக்கடைப் பக்கம் அனுப்பிவிட்டு, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் போனில் பணத்தைத் தட்டிவிட்டு, பெட்டியோடு வெளியே வந்துவிடுவது. அந்தத் திட்டத்தை யோசித்துக்கொண்டே இருந்தேனா, குதிரை ஏறிப் போய்விட்டேனா தெரியாது. உக்கடம் வந்தபோது மாமாதான் எழுப்பினார்.

டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் கடை. கனி பாய் என்பவருடையது. கோட்டைமேட்டுக்காரர், மாமா வயதுதான் இருக்கும். இரண்டு மாதமாக நான் போன் போட்டு, லினக்ஸா மற்றதா என்று அவர் உயிரை எடுத்திருந்ததால் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்கம்மணி, நீங்கதானா அது! வாங்ணா, உக்காருங்க. டீ சொல்றேன்."

டீ கடைக்குள்ளேயே வந்துவிட்டது. என் திட்டம் அதோடு சரி. சரி, விலை எழுதி ஒட்டியிருக்குமே, மாமாவே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று பார்த்தால், அந்தக் கடையில் ஒரு சாமானிலும் விலை ஒட்டவில்லை. ஆளைப் பார்த்து வாயால் சொல்கிற கடை. பாய் இரண்டு மிஷினையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இது அறுவத்திரெண்டுங்ணா. இது அம்பத்திநாலு."

பாய்க்கு அது ஐம்பத்துநாலு ஆயிரம். மாமாவுக்கு ஐம்பத்துநாலு நூறு. நான் சொன்ன அஞ்சரைக்குள் கச்சிதமாக அடங்குகிற நூறு. மாமா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

"ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது. வெல மட்டும் ஏனுங்க வேற?"

"உள்ள இருக்கற ஓ.எஸ். வேறயிங்ணா."

"ஓயெஸ்ஸா?"

"மிஷின் எப்படி நடந்துக்கோணும்னு சொல்லிக் குடுக்கறதுங்க மாமா" என்றேன்.

"அட, பழக்கமா! அப்படிச் சொல்லு." மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரே தாய்க்குப் பொறந்த ரெண்டு காள. ஒண்ண வண்டிக்குப் பழக்கிருக்குது, ஒண்ண ஏருக்குப் பழக்கிருக்குது. அப்படித்தானுங்க பாய்?"

கனி பாய் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "ஏனுங்ணா, காலேஜ் படிச்ச பசங்களுக்கெல்லாம் அர மணி நேரம் சொல்றேன். நீங்க ஒரு வாய் டீ குடிக்கறதுக்குள்ள புடிச்சுட்டீங்க!"

"இந்தக் கொறஞ்ச வெலக்காரன ஆருங்க பழக்குனது?"

"ஒலகம் பூராவும் இருக்கறவங்க ஆளுக்குக் கொஞ்சமாப் பழக்குனதுங்ணா. பாதிப் பேரு கூலி கூட வாங்கலீங்க."

"கூலியில்லாமயா?" மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப ஆசப்பட்டுத்தான் பழக்கிருப்பாங்க. அம்மணி, நீ இதையே எடுத்துக்க."

நாலு மாதம் படித்து, கட்டம் போட்டு, ராத்திரி பகலாக நான் வந்து சேர்ந்த முடிவுக்கு மாமா ஒரு டீயில் வந்து சேர்ந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாய் அதற்குள் லினக்ஸ் மிஷினை ஆன் செய்து என் கையில் கொடுத்துவிட்டார். "ஓட்டிப் பாருங்கம்மணி, நாங்க பேசிக்கறோம்."

திரையில் ஒரு காடு. மழை தூறிக்கொண்டிருந்தது. இலையில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகக் கேட்டது. ஒரு ஒற்றையடிப் பாதை, தூரத்தில் ஆற்றுச் சத்தம். கட்டைவிரலை லேசாக நகர்த்தினேன், நடக்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான் தெரியும். கோயம்புத்தூரும் கடையும் மாமாவும் பாயும் என்னைவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் ஆறடி தள்ளி என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு அவர்கள் இருவரும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மாமா தோளில் இருந்த துண்டை எடுத்தார். சந்தையில் விலை பேசுவது வாயால் அல்ல. இரண்டு பேரும் கையை நீட்டுவார்கள், மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள், உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. அது நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்று யாரும் சொல்வதில்லை. எதிரில் நிற்கிற மாட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு இது எங்கே தெரியப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். கனி பாயின் அத்தா (அப்பாதான்) தோல் வியாபாரி. சின்ன வயதில் அவரோடு பொள்ளாச்சிச் சந்தைக்கு வந்து வந்து பாய்க்கு அந்த விரல் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. மாமா துண்டை எடுத்ததுமே அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டாராம். "முப்பது வருசமாச்சுங்ணா இப்படிப் பேசி" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாராம்.

மாமா முதலில் நாலு விரலைப் பிடித்தார். பாய் முடியாது என்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் இழுபறி. பிறகு பாய், மாமாவின் கை முழுவதையும் சேர்த்துப் பிடித்தார். அஞ்சு. மாமா அழுத்தினார். முடிந்தது. நான் அப்போதுதான் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். முட்டாள்.

அஞ்சாயிரத்துக்குக் கம்ப்யூட்டர் என்றதும் மாமாவுக்குத் தன் பேரன்களின் ஞாபகம் வந்துவிட்டது. உடுமலை நாத்தனாருக்கு இரட்டைப் பிள்ளைகள். "அப்படியே மூணா குடுத்துருங்க பாய், ஊட்டுல பசங்க இருக்காங்க" என்றிருக்கிறார். பாய் ஆடிப்போய்விட்டாராம். எளிமையாக வேட்டியில் வந்து, ஒரே மூச்சில் மூணு மிஷின் வாங்குகிறார் என்றால் எவ்வளவு பெரிய தோப்புக்காரராக இருக்க வேண்டும்! மாமா மடியிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் முப்பதை எண்ணிக் கல்லாவில் வைத்தார். பதினைந்தாயிரம்.

"அட்வான்ஸுங்களாண்ணா? சந்தோசம்" என்று பாய் வாங்கிப் பெட்டியில் போட்டார்.

மாமாவுக்கு அந்த வார்த்தை காதில் விழவில்லையா, மரியாதைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டாரா தெரியாது. மூன்று பெட்டியும் பையில் ஏறிய பிறகு பாய் பணிவாகக் கேட்டார்.

"மீதி எப்படிங்ணா?"

இந்த இடத்தில்தான் நான் காட்டைவிட்டு வெளியே வந்தேன்.

"மீதியா? மீதி ஒண்ணும் வராதுங்களே, சரியாத்தானுங்க குடுத்தேன்" என்றார் மாமா. மீதி என்றால் பாய் தனக்குத் திருப்பித் தர வேண்டிய சில்லறை என்று அவர் நினைப்பு.

"இல்லீங்ணா, வரோணுங்களே. ஒண்ணு முப்பத்தஞ்சு வரோணும்."

"நூத்தி முப்பத்தஞ்சுங்களா? அது எதுக்குங்க, துணிப்பைக்கா?"

பாய் சிரித்தார். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மாமா நூறு ரூபாய்த் தாள் இரண்டை எடுத்து நீட்டி, "பாக்கியக் குடுங்க" என்றார். அப்போதுதான் பாயின் சிரிப்பு மெதுவாக நின்றது.

"ஏனுங்ணா... ஒரு மிஷின் அம்பதாயிரமுங்க. மூணு, ஒண்ணர லட்சம். பதினஞ்சு குடுத்திருக்கீங்க."

மாமா கையிலிருந்த இரண்டு தாளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கையில் மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது.

"அம்மணி, நீங்க வெலையச் சொல்லலீங்களா?" என்றார் பாய்.

அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் டவுன்ஹால் நெரிசலாவது கொஞ்சம் குறைந்திருக்கும். "அஞ்சுன்னுதானுங்க சொன்னேன்... சைபரு சொல்லலீங்க" என்றேன்.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாயைப் பார்த்துச் சொன்னார்:

"துண்டுக்குள்ள அஞ்சுன்னு கை குடுத்துப்போட்டேன். நாப்பது வருசத்துல குடுத்த கைய நான் திருப்பி வாங்குனதில்லீங்க. ஒரு வாரம் தவண குடுங்க பாய். அடுத்த சந்தையில செவலைய நிறுத்திப் போடறேன். பத்தலீன்னா பொரட்டிக்கலாம்."

செவலை! ஒரு நாளும் விலை சொல்லாத மாட்டை, என் ஒரு சைபருக்காக, சந்தையில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார். "வேண்டாமுங்க மாமா, வேண்டாமுங்க" என்று அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டேன். டீ டம்ளர் எடுக்க வந்தவர் என் அழுகையைப் பார்த்துவிட்டு, டம்ளரை எடுக்காமலே திரும்பிப் போனார்.

கனி பாய்க்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீங்க மட்டுமாங்ணா கை குடுத்தீங்க? நானுந்தான குடுத்தேன்! நீங்க அஞ்சாயிரம்னு புடிச்சீங்க, நான் அம்பதாயிரம்னு புடிச்சேன். தப்பு எம்மேலயும் இருக்குது. அஞ்சாயிரத்துக்கே எடுத்துட்டுப் போங்க."

"அதெப்படிங்க? உங்களுக்கு நட்டமில்லீங்களா?"

"மாட்ட வித்து எங்கிட்ட சாமான் வாங்கற பாவம் எனக்கு வேண்டாமுங்க."

"அப்ப அம்பதாயிரமே வெச்சுக்கங்க."

"முப்பது போதுமுங்ணா."

"அம்பதுக்கு ஒரு பைசா கொறய மாட்டேன்."

வாங்குகிறவர் விலையை ஏற்றுகிறார், விற்கிறவர் இறக்குகிறார். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். நான் நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் பாய்தான் சட்டென்று கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சித்த இருங்ணா. துண்டுக்குள்ள நாம பேசுனது என்ன? வெல மட்டுந்தானுங்க?"

"ஆமா."

"மூணுன்னு எங்க சொன்னீங்க?"

"வாயில சொன்னேன்."

"வாயில சொன்னது கணக்கில்லீங்கல்ல சந்தையில?"

மாமா யோசித்தார். தோளில் கிடந்த துண்டை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "கணக்கில்ல" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்படியாக ஒரு மிஷின், ஐம்பதாயிரம். கல்லாவில் வைத்த பதினைந்தை மாமா திரும்பத் தொடவே இல்லை. மிச்சம் முப்பத்தைந்தை நான் போனில் அனுப்பினேன். ரகசிய எண்ணை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சைபரே தெரியாமல் பேசிய மாமா, ஐம்பத்துநாலில் நாலாயிரத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போதும் ஜன்னலோரத்தை எனக்கே கொடுத்தார். பெட்டி மடியில் இருந்தது. வெளியே அதே தென்னைகள். கனவு ஒன்றும் வரவில்லை. கிணத்துக்கடவு தாண்டியதும் மாமா கூப்பிட்டார்.

"அம்மணி."

"சொல்லுங்க மாமா."

"அம்பத்தி நாலாயிரம்னு சொல்லிருந்தா நான் வேண்டாம்னு சொல்லிருப்பனா?"

"இல்லீங்க மாமா."

"அப்புறமேன்?"

"பயமா இருந்துச்சுங்க."

அவர் எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சந்தையில நூறு பேரு எங்கிட்ட வெலைய மறைப்பான். அது தொழிலு. ஊட்டுலயும் மறைச்சா நான் எங்க கண்ணு போயி உக்கார்றது?"

அதைக் கேட்டதும் மறுபடி எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை பயத்தில் அல்ல. அவருக்கு வலித்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் என் பக்கம் திரும்பி, "செரி செரி, கண்ணத் தொடச்சுக்க. இப்படியே எறங்குனீன்னா நாந்தான் ஏதோ சொல்லிப்போட்டேன்னு ஊட்டுல என்னையப் புடிச்சுக்குவாங்க" என்று துண்டை நீட்டினார்.

இதை அவர் மனசுக்குள் வைத்துக்கொள்வார் என்று நான் நினைத்தது அன்றைய என் கடைசித் தப்பு. வீட்டுப்படி ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். பாய் குரல், தன் குரல், என் அழுகை, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். மாமியார் சிரித்த சிரிப்பில் செவலை மிரண்டு கத்தியது. சாயங்காலத்துக்குள் உடுமலைக்குப் போன் போய்விட்டது. அன்றிலிருந்து நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த வீட்டில் ஒரு விசாரணை உண்டு. "அண்ணி, அர மணி நேரத்துல வாரன்னீங்களே, அஞ்சு மணி நேரமுங்களா?" என்பார் நாத்தனார். மளிகைக்குச் சீட்டு எழுதினால் செக்கில் எழுதுவது மாதிரி 'சர்க்கரை இரண்டு கிலோ மட்டும்' என்று எழுத வேண்டும். 'மட்டும்' இல்லையென்றால் என் வீட்டுக்காரர் கடைக்குப் போக மாட்டார். (இந்த விஷயத்தில் மட்டும் வீரம் வந்துவிட்டது.)

அடுத்த வருஷம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் போன் போட்டு, "எடை மூணு கிலோங்கப்பா" என்றார். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "போன அம்மணிகிட்டக் குடு... ஏங்கண்ணு, நல்லா இருக்கறியா? சைபரு எதும் உட்டுப்போடலீல்ல?" தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் எனக்கு உயிர் போய் வந்தது. நர்ஸ் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். மறுநாள் வந்து குழந்தையைக் கையில் வாங்கிய மாமா, அதைச் 'சைபரு' என்று கூப்பிட்டார். அதற்கு நான் தேடித் தேடி வைத்த அழகான பெயர் சர்டிஃபிகேட்டில் இருக்கிறது.

இந்த வருஷம் அவளை ப்ரீகேஜியில் சேர்க்கப் போனோம். மாமாவும் வந்திருந்தார். டீச்சர் அவளிடம், வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். "சைபரு" என்றாள் சத்தமாக. டீச்சருக்கு ஒரே ஆச்சரியம். "நீங்க சைபர் செக்யூரிட்டியில இருக்கீங்களா மேடம்?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அதில்லீங்க டீச்சர். இவங்கம்மா ஒருக்கா கோயமுத்தூர்ல ஒரு சைபரத் தொலச்சுப்போட்டாங்க. ஒரு வருசங் கழிச்சு ஆஸ்பத்திரியில கெடச்சுது."